முப்பது செகண்ட் அவகாசம்

ஐயோ, எனக்குக் காபி வேண்டாம் சார். மூணு வாரமா காபிலதான் உயிரு ஓடுது. நீங்க குடிங்க. அந்தச் சேர் சாயும், இதுல உக்காருங்க.

நாளைக்கு சித்தப்பாவுக்கு வேலைய விட்டு நிறுத்தற லெட்டர் குடுத்துடுவீங்களா? சொந்தக்காரர் எல்லாம் இல்ல சார். முப்பத்தஞ்சு வயசுலயே முன்மண்டை காலி, அதனால டீம்ல எல்லாருக்கும் சித்தப்பா. அவரு என்னை அக்காம்பாரு. எங்க உறவுமுறை அப்படி. லெட்டர்ல அலட்சியம்னு எழுதப் போறீங்களாமே? அந்த ஒரு வார்த்தையோட வெளிய போனா எவன் சார் வேலைக்கு எடுப்பான்?

கோவிச்சுக்காதீங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க, சொல்றேன். புரியற மாதிரியே சொல்றேன்.

ஒரு பெரிய கம்ப்யூட்டர் மெஷினுக்குள்ள கன்டெய்னர்னு சின்னச் சின்ன அறை மாதிரி நூறு ஓடும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு வேலை, குடித்தனக்காரன் மாதிரி. நம்ம சாஃப்ட்வேர்தான் ஹவுஸ் ஓனர்னு வச்சுக்குங்களேன். காலி பண்ணணும்னா பொசுக்குனு வெளிய தள்ளக் கூடாது. கிளம்புப்பா, கையில இருக்கறத எழுதி வச்சுட்டு மூடிக்கோன்னு முதல்ல சேதி அனுப்பணும். முப்பது செகண்ட் அவகாசம். அப்பவும் நகரலைன்னாதான் கழுத்தப் புடிக்கணும்.

அந்தப் பகுதியத்தான் சித்தப்பா மாத்தி எழுதினாரு. பழைய புரோகிராம் கோடு சார் அது, ஆளாளுக்கு ஒட்டுப் போட்டு வச்சிருந்தாங்க, தொடவே எல்லாருக்கும் பயம். இவரு துணிஞ்சு கை வச்சாரு. ஒரே ஒரு எடத்துல சறுக்கிட்டாரு. சேதி கன்டெய்னருக்குப் போய்ச் சேந்தப்புறம்தான் எண்ண ஆரம்பிக்கணும். இவரு, சேதி வரிசையில நின்னதுமே எண்ண ஆரம்பிச்சுட்டாரு.

டெஸ்ட்ல எப்படித் தெரியும்? நம்ம டெஸ்ட் மெஷின் ஈ ஓட்டிட்டிருக்கும், வரிசையே கிடையாது. எல்லாம் பச்சை, பாஸ். நம்ம சாஃப்ட்வேர வாங்கின அந்த பிளட் டெஸ்ட் லேப்ல திங்கக்கிழமை காலையில கூட்டமோ கூட்டம். தாங்காம கன்டெய்னர ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்ப, சேதி வரிசையில நிக்கும்போதே முப்பது செகண்டும் போச்சு. மூடிக்கோன்னு காதுல விழறதுக்குள்ள கழுத்தப் புடிச்சாச்சு. எரநூத்திப் பன்னண்டு பேரோட பிளட் டெஸ்ட் ரிசல்ட் காணோம். எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுக் குத்தினாங்க. அதுல கைக்குழந்தைங்களும் இருந்துச்சாம் சார்.

ஆமா, ரெண்டாவது ஆள் படிச்சு ஒப்புதல் குடுக்காம மாத்தி எழுதின கோடு எதுவும் உள்ள போகாது. அந்த ரெண்டாவது ஆள் நான்தான். உங்க ரிப்போர்ட்ல என்னைப் பத்தி ஒரே ஒரு வரி. எழுதினவரே கவனிக்காதது, படிச்சவங்க கண்ணுக்குத் தப்பினது சகஜம்னு. ரொம்பப் பெருந்தன்மை.

சித்தப்பாவும் அதையேதான் சொல்றாரு. போன வாரம் மாடிப்படில நிறுத்தி, உங்க கண்ணுக்கே தெரியலையேக்கா, விடுங்க, மனசப் போட்டு அலட்டிக்காதீங்கங்கறாரு. எனக்கு ஆறுதல் சொல்றாரு சார், எனக்கு! அதுலேர்ந்து நான் லிஃப்ட்லதான் போறேன். மனுஷி செய்யற காரியமா இது?

சொல்றேன், சொல்றேன். அறுநூறு வரி. வரி வரியா படிச்சேன், சும்மா மேய்ஞ்சுட்டு விடற ஆள் இல்ல நான். முடிக்கப் போற நேரத்துல ஸ்கூல்லேர்ந்து போன். மகளுக்கு ஜுரம், உடனே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. போட்டது போட்டபடி ஓடினேன். மறுநாள் காலையில டாக்டர்கிட்ட காத்துட்டிருக்கேன், அவ மடியில சுருண்டு கெடக்கறா, சித்தப்பாகிட்டேர்ந்து மெசேஜ். அக்கா, உங்க ஒப்புதல் மட்டும்தான் பாக்கின்னு. சரி, சொன்னதத் திருத்திட்டாரு போலன்னு நெனச்சு, போன்லயே பட்டனத் தட்டிட்டேன்.

எதைச் சொன்னேனா? அதான் சார். இப்படி வாங்க, இந்த ஸ்கிரீனப் பாருங்க. மஞ்சளா ஒரு குறிப்பு இருக்கே, படிங்க. எண்ணறது இங்க ஆரம்பிக்கக் கூடாது, சேதி போய்ச் சேந்தப்புறம் ஆரம்பிக்கணும், மாத்துங்க. நான் எழுதினதுதான். தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கு பாருங்க. எழுதினா மட்டும் பத்தாது, அனுப்புங்கற பட்டன அழுத்தணும். அதுவரைக்கும் எழுதினவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். போன் வந்ததும் அழுத்தாமலே எழுந்து ஓடியிருக்கேன்.

தெரியும் சார். ரிசல்ட் தொலைஞ்ச அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன். தெனம் ஒரு தடவ திறந்து பாத்துட்டு மூடறேன். அழிக்கவும் கை வரல, அனுப்பவும் தைரியம் வரல. பயம், வேறென்ன? என் வேலை போயிடுமேங்கற பயம்.

இல்ல, போட்டோ எல்லாம் எடுக்காதீங்க. இருங்க.

அழுத்திட்டேன். கோடு எழுதின சித்தப்பாவுக்கும் தகவல் தானாப் போயிரும். மேல மேஜைய ஒழிச்சுட்டிருந்தாரு, வரும்போது பாத்தேன். இந்நேரம் அவரு போன் அடிச்சிருக்கும். கதவச் சாத்தாதீங்க சார், வருவாரு.