ஏணி இல்லை, படகு

டிஷ்யூ பெட்டியை என் பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். அப்படி வைக்கக் கூடாது. வருகிறவர் அழுதே தீர வேண்டும் என்று நாம் காத்திருப்பதுபோல் ஆகிவிடும். கை எட்டுகிற இடத்தில், ஆனால் கண்ணுக்கு நேரே படாமல் இருக்க வேண்டும். இதை எனக்கு முன்னால் தலைவராக இருந்த அக்காதான் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். பரவாயில்லை, இருக்கட்டும். எனக்குத் தேவைப்படாது.

நம் நகர உளவியலாளர் சங்கத்தின் ஒழுக்கக் குழு இந்தக் கண்ணாடிக் கடை மாடியில் கூடி நான் பார்த்ததே அபூர்வம். அதுவும் தலைவரான என்னையே விசாரிப்பதற்காகக் கூடியது இதுதான் முதல் தடவை. பேராசிரியர் இருக்கிறார், பொருளாளர் இருக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். பாப்பா என்று கூப்பிடுவதில் அவருக்கு வருத்தம் உண்டு என்று தெரியும். சங்கத்தில் வயதில் சின்னவர் அவர்தான், பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். அக்காவின் மகள் அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து வருகிறாள். அம்மாவின் வீட்டை விற்றுவிட்டு, அவரை இப்போது இருக்கிற முதியோர் இல்லத்திலேயே நிரந்தரமாக விட்டுவிட்டுப் போகப்போகிறாள். அதற்கு முன்னால் அக்காவிடம் உண்மையை யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு. என்ன உண்மை என்பதை நான் சொல்கிறேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது முழுசாகத் தெரியாது.

அக்கா எத்தனை வருடம் தலைவராக இருந்தார் என்று கேட்டால் நீங்களே விரல்விட்டு எண்ணித்தான் சொல்வீர்கள். ஒவ்வொரு தேர்தலிலும் "இந்த ஒரு தடவை மட்டும்" என்பார். ஒவ்வொரு தடவையும் அவர் பெயரை முன்மொழிந்தவன் நான். கூட்டத்துக்கு ஹால் பிடிப்பது, மைக் சரிபார்ப்பது, பேச வருகிறவரை ஸ்டேஷனில் போய் அழைத்து வருவது எல்லாம் துணைத் தலைவரின் வேலை. நான் முகம் சுளித்ததில்லை. அக்காவிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடித்து வைப்பார். நான் நினைத்ததைவிட நன்றாகவே முடிப்பார், அதுதான் தாங்க முடியாது. ஒரு ஆண்டு விழாவில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம தம்பிக்கு ரெண்டு காதுதான், வாய் கிடையாது" என்றார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசித் தேர்தலுக்கு முன்னால் என் வீட்டுக்கே வந்து, காபி குடித்துக்கொண்டே, "இந்தத் தடவை நீதான், நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார். என் மனைவி எனக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்தாள். கூட்டத்தன்று அக்கா மைக்கைப் பிடித்து, உறுப்பினர்கள் வற்புறுத்துவதால் தொடர வேண்டியிருக்கிறது என்றார். யார் வற்புறுத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்து அவர் பெயரை முன்மொழிந்தேன். கோபம் வந்ததா என்று பேராசிரியர் கேட்பார். வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கோபத்தை அடையாளம் காட்டித்தான் இத்தனை வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு தாயிடம் வேறொரு பிள்ளையின் ரகசியத்தையெல்லாம் கொட்டிவிட்டார். பாவம், எந்தப் பிள்ளை எது என்றே அவருக்குக் குழம்பிப்போயிருந்தது. சங்கத்தின் மானம் கப்பலேறியது. உடனே அக்கா ஒரு விதி கொண்டுவந்தார். அறுபதைத் தாண்டிய எல்லா உறுப்பினர்களும் வருடத்துக்கு ஒரு முறை சக உறுப்பினர் ஒருவரிடம் ஞாபகசக்திப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; தேறினால்தான் ஆட்களைப் பார்க்கலாம். நல்ல விதிதான். "முதல் ஆளா என்னையே பண்ணுங்க" என்றார். யார் செய்வது என்று பேச்சு வந்தபோது என்னைக் காட்டினார். "இவனே பண்ணட்டும். இவன் முகத்துல ஒண்ணும் தெரியாது."

இந்த அறையில்தான் நடந்தது. பாப்பா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அக்கா. ஐந்து வார்த்தைகள் சொன்னேன். சாவி, மேகம், பால், ஏணி, பச்சை. பிறகு கடிகாரம் வரையச் சொன்னேன், நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னேன். கடைசியில் அந்த வார்த்தைகளைத் திரும்பக் கேட்டேன். சாவி, மேகம், பால், ஏணி, பச்சை என்று மடமடவென்று ஒப்பித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். என் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஹால் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

"மூணு அக்கா" என்றேன்.

"எதுல மூணு?"

"அஞ்சு வார்த்தையில மூணுதான் சரி."

"விளையாடுறியா? அஞ்சும் சொன்னேனே."

"ஏணி இல்லக்கா. படகு. பச்சை இல்ல, நீலம்."

முன்கூட்டியே திட்டம் போட்டதல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும். வாயில் வந்துவிட்டது. அடுத்த நொடியே சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக, நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏணின்னுதான் சொன்னே. எனக்கு நல்லாத் தெரியும். சத்தியமா..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே எல்லோரும். ஞாபகம் போனவர் தெரியாது என்று சொல்ல மாட்டார். இல்லாததை இட்டுக்கட்டி, அதையும் அடித்துச் சொல்வார். எவ்வளவு அடித்துச் சொல்கிறாரோ அவ்வளவு உஷாராக இருங்கள் என்பார். வேறு தொழில் பார்க்கிறவராக இருந்தால் மேஜையைத் தட்டி என்னிடம் சண்டை பிடித்திருப்பார், விஷயம் அன்றே முடிந்திருக்கும். அக்காவுக்கோ தன் நிச்சயமே நோயின் அறிகுறியாகப் பட்டது. மெதுவாக உட்கார்ந்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. அடுத்த மாசம் இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

அடுத்த மாதம் இரண்டு என்றேன். முதல் மாதம் மூன்று என்று சொன்ன பிறகு ஐந்து என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இடையில் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. செயற்குழு நேரத்தை மாற்றி அவரைத் தவிர எல்லோருக்கும் சொன்னேன். பிறகு, "அன்னைக்கே போன்ல சொன்னேனேக்கா" என்றேன். புதிதாக ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால், போன வாரம் கேட்டதுபோல் லேசாகச் சிரித்து வைப்பேன். மற்றதை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். பொருளாளரே, ஒரு நாள் அவர் உங்களைப் பார்த்து, "இதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேனா?" என்று கேட்டார். நினைவிருக்கிறதா? "பரவால்ல மேடம், சொல்லுங்க, இன்னொரு தடவை கேட்டா என்ன" என்றீர்கள். அந்தக் கதையை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். உங்களைக் குறை சொல்லவில்லை. எதிரே இருப்பவர் மனம் நோகாமல் தலையாட்டுவதுதான் நம் தொழில். இதே ஒரு கண்டக்டர்கள் சங்கமாக இருந்தால் யாராவது ஒருவர், "இல்லையே, இப்பத்தான் சொல்றீங்க" என்று பட்டென்று உடைத்திருப்பார்.

அவர் ராஜினாமா செய்த கூட்டத்தில் பேராசிரியர் அழுதார். பாப்பாவும் அழுதார். அக்கா மட்டும் அழவில்லை. தான் கொண்டுவந்த விதி தனக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டு என் பெயரை முன்மொழிந்தார். எழுந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். அது நடிப்பு இல்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்கு வராது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாமே, கேட்டது கிடைத்துவிட்டதே என்று பாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மகள் போன் செய்து, "அங்கிள், அம்மாவை இனிமே தனியா விடலாமா?" என்று கேட்கிறாள். சங்கத் தலைவராக நான் என்ன சொல்வது? டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டருக்கு ஏகப்பட்ட கூட்டம். நான் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். பதற்றமாக இருக்கிறது என்று அக்கா சொன்னதும் அதற்கும் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டால் பகலிலேயே கண் சொருகும். கார் சாவியை அவரே என்னிடம் கொடுத்தார். அவரிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தவர்களை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் என் கண் முன்னாலேயே காபி டம்ளரைச் சாய்த்துவிட்டு, அது எதற்காகக் கையில் இருந்தது என்று தெரியாததுபோல் பார்த்தார். அப்போது எனக்கே ஒரு யோசனை வந்தது. ஒருவேளை நான் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டேனோ? என் உள்மனசுக்கு அன்றே தெரிந்திருக்குமோ? நம் துறையில் இப்படி நடப்பதுண்டு.

இல்லத்தில் அவருக்கு ஜன்னலோரக் கட்டில். ஒவ்வொரு ஞாயிறும் போய்விடுவேன். மகளால் வர முடியாது, பழைய ஆட்களுக்கு அவரை அப்படிப் பார்க்க மனசில்லை, நீங்களும் வரவில்லை. அங்கே நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கிறவரை கேட்பார். பஸ் கிடைக்காத கதை, என் மனைவியின் முதுகுவலி, எதைச் சொன்னாலும் கேட்பார். என் வாழ்க்கையில் என் பேச்சை இப்படி யாரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

பிறகு பாப்பா அங்கே குழுப் பயிற்சி நடத்தப் போனார், சும்மா இருக்காமல் ஒரு பரிசோதனையும் செய்தார். வேறு ஐந்து வார்த்தைகள் கொடுத்தாராம். அரைத் தூக்கத்திலும் அக்கா ஐந்தையும் சொன்னாராம். பாப்பா துள்ளிக் குதித்துக்கொண்டு அதைச் சொன்னபோது அக்கா சிரித்தாராம். "இந்த டெஸ்டைக் காலம் பூரா சொல்லிக் கொடுத்தவ நான். எப்படி ஞாபகம் வச்சுக்கணும்னு எனக்கு வழி தெரியும். இது கணக்குல வராது. அவ்வளவு வழி தெரிஞ்சும் தம்பிகிட்ட விழுந்தேன் பாரு, அதுதான் நிஜம்" என்றாராம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாது என்றார் அக்கா. அதுவும் அவர் வகுப்பில் சொன்னதுதான்.

அதன் பிறகுதான் பாப்பா என்னிடம் வந்து, "சார், அன்னைக்கு மேடம் நிஜமா எத்தனை சொன்னாங்க?" என்று கேட்டார். ஐந்து என்றேன். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்கு எந்த நோயும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் அவர் பழையபடி நடமாடலாம். நல்லாயிருந்த ஒரு மனுஷியிடமிருந்து அவருடைய புத்தியைப் பிடுங்கிக்கொண்டவன் நான். வாக்குமூலத்தில் இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வார்த்தையை மாற்ற வேண்டாம்.

யார் சொல்வது என்றுதானே இவ்வளவு நேரம் குழம்பிக்கொண்டிருந்தீர்கள்? நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். போகக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போகாவிட்டால் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகள் வருவதற்குள் தெரிய வேண்டும் என்று சொல்லி, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க அஞ்சும் சரியாத்தான் சொன்னீங்கக்கா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆறுதலா இருக்கணும்னு உன் பேரையே கெடுத்துக்குவியாப்பா? நீ அப்படிச் செய்யிற ஆளா? நீ படகுன்னுதான் சொன்னே. இப்ப எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு."

நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஞாபகம் போனவர்களிடம் வாதாடக் கூடாது.