ஆறரை அடித் தொட்டி

— இன்னும் கொஞ்சம் பின்னால எடு தம்பி… வா, வா… ஏன் நிறுத்திட்டே?

— இதுக்கு மேல போகாது ஆர்வில் ஐயா. இந்தக் கேம்பர் வீட்டுப் பெட்டி முன்பக்கம் முட்டிடுச்சு. உங்க பிக்கப்போட தொட்டி முடிஞ்சும் ஒன்றரை அடி வெளிய தொங்குது பாருங்க.

— தொங்கட்டுமே! எம் பொண்டாட்டி மெர்னா துணி காயப்போட வசதியா இருக்கும்.

— விளையாடாதீங்க. இது எட்டடித் தொட்டிக்குன்னு செஞ்சது. கட்டில், அடுப்பு, கக்கூஸ், தண்ணின்னு மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு. அந்தப் பாரம் பின் ஆக்சிலுக்கு முன்னால உக்காரணும். இப்ப பின்னால உக்காருது. மேட்டுல ஏறினா முன்சக்கரம் ரோட்டைத் தொடாது. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சாமி கும்பிட வேண்டியதுதான்.

— நாப்பது வருஷம் இந்த ஐடஹோ மலையில மரம் ஏத்துற லாரி ஓட்டினவன்டா நான்!

— அதனாலதான் உங்களுக்குப் புரியும்னு சொல்றேன். எங்க கடை ஆர்டர் சீட்டுல உங்க கையாலயே எட்டேகால் அடின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.

— அளந்துதான் எழுதினேன். மெர்னாதான் டேப்போட அந்த முனையைப் பிடிச்சா. அவளையே கேளு.

— என்னை ஏன் இழுக்கறே? மூக்குல ஆக்சிஜன் குழாய் நழுவுது பாரு, முதல்ல அதைச் சரி பண்ணு.

— அம்மா, தொட்டியோட பின்கதவைத் தூக்கிச் சாத்திட்டு அளந்தீங்களா, இறக்கிவிட்டு அளந்தீங்களா?

— மார்ச் மாசம் டாரல். பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு?

— இறக்கிவிட்டா கதவும் சேர்ந்துக்கும்மா. ஆறரை அடி எட்டேகாலாத்தான் காட்டும். வாங்க, உள்ள ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்.

— சரிடா, தப்பு நடந்துபோச்சு. இந்த வண்டிக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு குடு.

— அக்டோபர்லதான் வரும். நாலு ஊருக்குப் போன் போட்டுப் பாத்துட்டேன்.

— அக்டோபரா! டாக்டர் எனக்குக் குடுத்திருக்கற கெடுவே ஆகஸ்ட் வரைக்கும்தான். அதுக்குள்ள அலாஸ்கா போய்ச் சேரணும்டா.

— நீளத் தொட்டி வண்டியா மாத்திக்கலாம்னா, உங்க வண்டி ஓடியிருக்கற ஓட்டத்துக்கு எவனும் முன்வர மாட்டான்.

— வீட்டை வித்தாச்சுடா, வெள்ளிக்கிழமை சாவியைக் குடுத்தாகணும். வாங்கினவங்க ஜன்னல் திரைக்குக்கூட அளவெடுத்துட்டுப் போயிட்டாங்க. நாங்க எங்கடா போய்ப் படுக்கறது?

— மன்னிச்சுக்கோங்க ஐயா. இதை ஏத்தி அனுப்பினா நானே உங்களைக் கொன்ன மாதிரி.

— சாகப்போறவனைக் கொல்றதுக்கு என்னடா பயம்?

— ஆர்வில்! வாயை மூடு.

— டேப்பைக் குடு. அந்தச் சனியன் பிடிச்ச தொட்டியை நானே வெளிய போய் ஒருவாட்டி அளந்து பாக்கறேன்.

— …போயிட்டாரு. காபி குடிக்கறீங்களாம்மா?

— வேண்டாம் டாரல். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கதவு இறங்கித்தான் கிடந்துச்சு. தெரிஞ்சேதான் டேப்பை அதோட நுனியில பிடிச்சேன்.

— ஐயோ, ஏம்மா?

— பொருந்தாம போகட்டும்னுதான். முப்பது வருஷமா அலாஸ்கா, அலாஸ்கான்னு ஒரே பினாத்தல். நடுக்காட்டுல அந்த மனுஷனுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? போக வேண்டாம்னு சொல்ல வாய் வரல. கேம்பர் வந்ததும் நீ முடியாதுன்னுடுவே, வீட்டோட கிடப்பாருன்னு நினைச்சேன். நடுவுல வீட்டையே வித்துத் தொலைப்பாருன்னு யாரு கண்டா?

— அப்பவாவது சொல்லியிருக்கலாமே.

— சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு தம்பி. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரல. பாவி நான்.

— அம்மா… ஐயா வாசல்லயே நிக்கறாரு.

— எவ்வளவு நேரமா நிக்கறே ஆர்வில்?

— மூச்சு வாங்குச்சு. வண்டி வரைக்கும் நடக்க முடியல, திரும்பிட்டேன். எல்லாம் காதுல விழுந்துச்சு.

— திட்டு. அடிக்கணும்னா அடி.

— உன்னை எதுக்குத் திட்டணும்? அந்தக் கதவு தானாவா இறங்குச்சு? நீ வெளிய வர்றதுக்கு முன்னாடி இறக்கி வச்சவனே நான்தான்.

— என்ன சொல்றே நீ?

— நீதானே அலாஸ்கா மேப்பைச் சமையக்கட்டுச் சுவத்துல ஒட்டி வச்சே! உனக்குத்தான் ஆசைன்னு நினைச்சு நானும் அதையே பேசிக்கிட்டு இருந்தேன். வீட்டை விக்கறப்பவாவது நீ தடுப்பேன்னு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன், கடைசிக் கையெழுத்து வரைக்கும். எனக்குப் பயமா இருக்கு, என் கட்டில்லயே செத்துடறேன்னு உன்கிட்ட எப்படிடீ சொல்றது?