கைராசி பக்தவச்சலம்

எனக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. இதை என் மனைவி கங்கம்மாள் எந்தக் கோர்ட்டிலும் வந்து சத்தியம் செய்வாள். கூப்பிடாவிட்டாலும் வருவாள். வீட்டில் ஃப்யூஸ் போனால் நான் விசிறியைத் தேடுகிற ரகம். ஆகவே எங்கள் ஆம்பூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தம் ஏற்படும் என்று யாரும் நினைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். நானும்தான்.

அது 1987. மெட்ராஸில் யாரோ புதுசு வாங்கிக்கொண்டு கழித்துவிட்ட பழைய மெஷின். இரும்புப் பெட்டி, அதன்மேல் பச்சை எழுத்துத் திரை, வலது பக்கத்தில் பின்னால் தள்ளி ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச். சுவிட்ச் ரொம்ப இறுக்கம். ஒரு கையால் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ள வேண்டும்.

நான் அப்போது இன்வாய்ஸ் டைப்பிஸ்ட். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு ஷூவுக்கும் என் டைப்ரைட்டர்தான் பிரசவம் பார்த்தது. முதலாளி சர்தார் பாஷா என்னைக் கூப்பிட்டு, "பக்தா, இனிமே இன்வாய்ஸ் எல்லாம் இதுதான் அடிக்கும். நீ ரெஸ்ட் எடுப்பா" என்றார். ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். குடியாத்தம் போய் அண்ணன் தறியில் லுங்கிக்கு நூல் சுற்றுவது. அண்ணி சோறு போடுவாள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பெருமூச்சு இலவசம்.

கம்ப்யூட்டருக்குத் தனி அறை. ஏசி உண்டு. தூசி ஆகாது என்பதால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஜெர்மனிக்காரன் காலுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் கம்பெனியில், முதலாளி உட்பட எல்லோரும் வெறுங்காலோடு நுழைந்த ஒரே இடம் அதுதான்.

இவ்வளவு மரியாதை செய்தும் மெஷின் மசியவில்லை. காலையில் சுவிட்சைத் தள்ளினால் உள்ளே காற்றாடி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். திரை கறுப்பாகவே இருக்கும். மறுபடி தள்ளினால் மறுபடி அதேதான். எப்போதாவது மனசு வந்தால் ஸ்டார்ட் ஆகும். எங்கள் எலக்ட்ரீஷியன் ராஜவேலு பிளக்கை மாற்றினான், ஸ்டெபிலைசரை மாற்றினான், கடைசியில் முகத்தை மாற்றிக்கொண்டான். மெட்ராஸிலிருந்து என்ஜினீயர் வந்தார். அவர் ரயில் பிடித்து வந்துசேர மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் மெஷின் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துப் போடுவார், ஸ்டார்ட் ஆகும். "ஒண்ணும் கம்ப்ளெயின்ட் இல்லையே" என்று பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார். முதலாளி ஒரு மசூதி ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய கறுப்புக் கயிற்றைக் கட்டினார். ஆயுத பூஜைக்குக் கணக்குப்பிள்ளை சந்தனம் குங்குமம் வைத்தார். குங்குமம் கொஞ்சம் ஃப்ளாப்பி போடும் சந்துக்குள் போய்விட்டது. மெஷின் மதபேதம் பார்க்கவில்லை. இரண்டு பேருக்குமே ஸ்டார்ட் ஆகவில்லை.

நான் வேலையை விட்டுப் போக வேண்டிய நாள் வந்தது. மேஜைச் சாவியைக் கொடுக்க முதலாளியைத் தேடினேன். அவர் கம்ப்யூட்டர் அறையில் வியர்த்துக்கொண்டு நின்றார், ஏசியிலும். வாசலில் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி உறுமிக்கொண்டிருந்தது. இன்வாய்ஸ் இல்லாமல் லாரி நகராது. காலையிலிருந்து ஆளாளுக்கு அந்தச் சுவிட்சைத் தள்ளிச் சலித்துப்போயிருந்தார்கள்.

"ஒரே பேஜாரா கீது பக்தா. போறதுக்கு முன்னாடி நீயும் ஒரு தபா தள்ளிட்டுப் போ" என்றார் முதலாளி.

தள்ளினேன். பச்சை எழுத்து வந்தது.

முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னா கைப்பா இது. ராசியான கை. இதப்போயி வூட்டுக்கு அனுப்பப் பார்த்தனே."

அதன்பிறகு தினமும் காலையில் ஆபரேட்டர்கள் தள்ளித் தள்ளி ஓய்ந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்த் தள்ளுவேன். வந்துவிடும். டைப்ரைட்டரைத் துணி போட்டு மூடினார்கள். என் சம்பளம் நிற்கவில்லை. நூல் சுற்றும் யோசனையும் போய்விட்டது.

ராசி என்பது ஆம்பூரில் சீக்கிரம் பரவும். தோல் பதனிடும் நாற்றத்தைவிட வேகம். புதுத் தையல் மெஷின் வந்தால் முதல் தையல் நான். முதலாளி மகள் நிக்காஹ்வுக்குப் புடவை எடுத்தபோது முதல் புடவையைத் தொட்டது நான். லாரி ஓனர் அப்துல் வஹாப் புது லாரியை என்னைத்தான் எடுக்கச் சொன்னார். சைக்கிளே எனக்குத் தகராறு. சாவியை மட்டும் திருப்பி ஸ்டார்ட் செய்தேன். "அந்த லாரி இன்னைக்கி வரைக்கும் பஞ்சர் ஆவல பாய்" என்று அவர் டீக்கடையில் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அடக்கம் முக்கியம். குழந்தைகளுக்கு முதல் எழுத்து எழுதிவைக்கக் கூட்டிப்போனார்கள். ஆட்டுக்குப் பிரசவம் என்று ஒருவர் கூப்பிட்டார். அதற்குப் போகவில்லை. எதற்கும் ஓர் எல்லை உண்டு.

கங்கம்மாள்கூட மாறினாள். தோசைக்கல்லில் முதல் கரண்டி மாவை என்னை ஊற்றச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஒரு பொருளாக மதித்தது அப்போதுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் செண்பகம் வேலைக்கு வந்தாள். ஜோலார்பேட்டைப் பெண். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு தினமும் பாசஞ்சரில் வந்துபோனாள். வாய் ஓயாது. மெஷினோடும் பேசுவாள். "இன்னாடி, இன்னிக்கும் மூடு சரியில்லையா" என்பாள். நல்ல பெண். அவளைப்பற்றி நான் குறையாக எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். அறை புழுக்கமாக இருந்தது. ஏசி போடவில்லை. மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"முத தள்ளுலயே வந்துடுச்சு சார்" என்றாள். "மூணு நாளா பார்க்கறேன். அதுக்குக் குளிர் ஆவாது. வாட்ச்மேன் காலைலயே ஏசியப் போட்டு அத ஐஸ் ஆக்கிடறாரு. நாங்க தள்ளித் தள்ளி உள்ள சூடேத்தறோம். சூடு ஏறினப்புறம் நீங்க வர்றீங்க."

அவள் சிரித்தாள். "சமைக்கிறது நாங்க, பந்தில பரிமாறுறது நீங்க. பலே கை சார் ஒங்க கை."

"முதலாளிக்குத் தெரியுமா" என்று கேட்டேன்.

"யாருக்கும் சொல்லல. சனிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து வர்றாரு இல்ல, அப்போ காட்டலாம். வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன், அன்னிக்கு ஏசி போட வேணாம்னு."

யோசித்துப் பாருங்கள். அவள் மெஷினை ரிப்பேர் செய்யவில்லை. என்னை ரிப்பேர் செய்துவிட்டாள். சனிக்கிழமை முதலாளி பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குத் தெரியும். திங்கட்கிழமை நான் குடியாத்தத்தில் நூல் சுற்றுவேன். ஊரே சிரிக்கும். கங்கம்மாள் சிரிக்க மாட்டாள். மாவுக் கரண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வாள். அது சிரிப்பதைவிட மோசம்.

ராஜவேலு ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. போன கோடையில் பாலாறு போலவே எங்கள் எர்த் குழியும் காய்ந்துபோய், பெட்டியைத் தொட்டால் சுருக்கென்றது. அவன் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விளக்கினான். "எர்த் போனா பொட்டில கரண்ட் பிடிக்கும் சார். செருப்பு போட்டிருந்தா லேசா சுருக்குங்கும். வெறுங்கால்ல, தரையும் ஈரமா இருந்தா, டிக்கெட் வாங்காம ஏலகிரிக்கு மேல போய்டலாம்." நான் சில கேள்விகள் கேட்டேன். அவன் பதில் சொன்னான். அறிவை ஒளித்துவைக்காத பையன்.

எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை தொழுகையோடு வேலை முடிந்துவிடும். எல்லோரும் மசூதிக்கும் வீட்டுக்கும் போன பிறகு நான் அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தேன். சுவர் பிளக்கில் மூன்று கம்பிகள். அவற்றில் ஒன்று, இருக்கக் கூடாத இடத்துக்குப் போனது. பல்பு மாட்டத் தெரியாதவனுக்கு அதற்குமேல் விளக்கத் தெரியாது. பல்பு மாட்டத் தெரியாதவன் என்பதால்தான் நீங்களும் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விபத்து என்று எழுதினீர்கள். ராஜவேலுவின் கவனக்குறைவு என்றும் எழுதினீர்கள். அவனுக்கு வேலை போயிற்று. எலக்ட்ரீஷியன் என்றால் பொறுப்பு வேண்டும், இல்லையா.

நீங்களே மூடிவிட்ட விஷயத்தை நான் ஏன் வந்து திறக்கிறேன் என்று உங்கள் ஏட்டு இரண்டாவது முறையாகக் கேட்கிறார். மனசாட்சி என்று எழுதப்போகிறார் போலிருக்கிறது. வேண்டாம். செண்பகம் போன பிறகு ஊரில் பேச்சு மாறிவிட்டது. "பக்தவச்சலம் கை பட்ட மெஷின்தானே அந்தப் பொண்ண வாரிக்கிச்சு" என்கிறார்கள். அப்துல் வஹாப் இரண்டாவது லாரி வாங்கினார். சாவியைத் திருப்பப் பேரணாம்பட்டிலிருந்து வேறு யாரையோ கூட்டிவந்தார். டீக்கடையில் ஒரு குழந்தை கன்னத்தைத் தட்டினேன். அதன் தாய் முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். எனக்கு ராசி போய்விட்டதாம்.

இந்தத் தப்பான அபிப்பிராயத்தைத் திருத்தத்தான் வந்தேன். மெஷின் தானாக எதுவும் செய்யவில்லை. என் கைதான் செய்தது. நினைத்ததை நினைத்தபடி, முதல் முயற்சியிலேயே செய்தது. ராசி போன கைக்கு அது முடியுமா, சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலையையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி இன்னும் வரவில்லை. கூட்டுகிற அம்மாவிடம் அறையைத் தண்ணீர் விட்டு நன்றாகத் துடைக்கச் சொல்லியிருந்தேன். செண்பகம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன், ரப்பர் செருப்போடு. அந்த அறையின் விதியை நான் மீறியது அன்று ஒரு நாள்தான். அதற்காக வருத்தப்படுகிறேன்.

அவள் சுவிட்சின் பக்கம் போகவில்லை. திரும்பி நின்று என்னைப் பார்த்தாள்.

"ரயில்ல நேத்து பூரா யோசிச்சேன் சார்" என்றாள். "முதலாளிகிட்ட சொல்ல வேணாம். மெஷின் ஓடினா போதும் எனக்கு. ஏசிய மட்டும் நான் லேட்டா போட்டுக்கறேன். நீங்க எப்பவும்போல வந்து தள்ளுங்க. ஒங்க பேரு ஒங்களுக்கே இருக்கட்டும். பெரியவங்க நீங்க, ஒங்களப் போயி கிண்டல் பண்ணிட்டேன்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொடாதே என்று. அல்லது இன்றைக்கு வேண்டாம், ராஜவேலு ஒருமுறை பார்க்கட்டும் என்று. நேரம் இருந்தது. அவள் அவசரப்படவில்லை.

ஆனால் சார், ஒருத்தி தயவில் ராசிக்காரனாக இருப்பது என்ன பிழைப்பு. இன்றைக்கு மனசு வந்து கொடுத்தாள். நாளைக்கு அவளுக்குக் கல்யாணமாகும், புருஷனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அவள் கெட்டவள் இல்லை. வாய் ஓயாதவள்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றேன். "நீயே தள்ளு. உன் கையும் ராசியான கைதான். நான் சொல்றேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கிருந்தே குனிந்து, "அப்போ ஆசீர்வாதம் பண்ணுங்க சார்" என்றாள். கொஞ்சம் விளையாட்டாகத்தான். நான் கையைத் தூக்கி, "நல்லா இரும்மா" என்றேன். அவள் இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தள்ளினாள்.

நான் மெயின் சுவிட்ச் இருக்கும் பக்கம் போகவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தள்ளு. பச்சை எழுத்து வந்துவிட்டது. ஏசி போடாததால்தான் என்று அவள் சொல்லியிருப்பாள். நான் ஆசீர்வாதம் பண்ணினதால்தான்.