பத்தாம் நாள் சவாரி

— இன்னும் கொஞ்சம் மெதுவா போங்கக்கா, ப்ளீஸ்.

— இதுக்கு மேல மெதுவா போனா ஆட்டோ நின்னுடும் மேடம். பின்னாடி பஸ்காரன் ஆரன் அட்ச்சே என்னிய கொல்றான்.

— ஸ்பீட் பிரேக்கர் வந்தா மட்டும் முன்னாடியே சொல்லுங்க. பிடிச்சுக்கறேன்.

— தோ, ஒண்ணு வருது. நல்லா புட்ச்சுக்கோ... ஆங், தாண்டியாச்சு. இன்னா மேடம், வயித்த புட்ச்சுகினே வரீங்க? ஆபரேசனா?

— ம்.

— குடல்வாலா?

— இல்ல. டெலிவரி.

— அய்ய, சிசேரியனா! எத்தினி நாள் ஆவுது?

— இன்னிக்குப் பத்தாம் நாள்.

— பத்தாம் நாளு, இந்த உச்சி வெயில்ல, தனியா, இம்மாம் பெரிய பையத் தூக்கிகினு தாம்பரம் ஸ்டேசனுக்கா? புள்ள எங்க?

— வீட்ல. செம்பாக்கத்துல.

— யாரு பாத்துக்கறது?

— என் ஹஸ்பண்ட் ஸ்டெபின் லீவ் போட்டிருக்கான். அவனோட அக்கா கிறிஸ்டினாவும் வந்திருக்காங்க. ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க.

— அப்ப சாயங்காலமே திரும்பி வந்துருவியா?

— திருச்சிக்குப் போறேன். அப்பா வீட்டுக்கு.

— புள்ளய வுட்டுட்டா?

— சிக்னல் விழுந்துடுச்சு. போங்க.

— சிக்னல் எனக்கும் தெரிது. நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. பத்து நாள் பச்ச புள்ளய வுட்டுட்டு ஊருக்குப் போறியா? நாய்கூட குட்டிய வுட்டு நவுறாதும்மா.

— வண்டிய நிறுத்துங்க.

— இன்னா?

— நிறுத்துங்க. நான் வேற ஆட்டோ பிடிச்சுக்கறேன்.

— ஏய், எறங்காத, எறங்காத! பக்கத்துல தண்ணி லாரி வர்றான். இரு, ஓரங்கட்டறேன்... சரி, தப்புதான். எனக்குத்தான் வாயில தையல் போடணும். அழுவாத. உம் பேரு இன்னா?

— ஜெனி.

— நான் சரசு. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல கீறேன். ஜெனி, அந்த நாய் பேச்ச மறந்துடு. அது நான் சொன்னதில்ல, எம் மாமியா என்னியப் பாத்து சொன்னது. அதே வார்த்த என் வாயில வருது பாரு, பேஜாரு.

— உங்களையா சொன்னாங்க?

— பின்ன? எனக்கும் வயித்தக் கிழிச்சு எடுத்ததுதான். பொண்ணு. சினேகா. இப்ப ஆறாவது படிக்குது. பொறந்து ரெண்டு மாசம் அவளக் கண்டாலே எனக்கு ஆவாது. அழுதா காத பொத்திக்குவேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.

— அப்புறம் எப்படி சரியாச்சு?

— தெரிலயே. ஒருநாள் அவ தும்முனா. எனக்கு சிரிப்பு வந்துட்ச்சு. அப்டியே கொஞ்ச கொஞ்சமா. இப்ப இன்னாடான்னா அவ இஸ்கூல் வுட்டு பத்து நிமிசம் லேட்டா வந்தா நான் தெருவுக்கே வந்து நிக்கறேன். சரி, வண்டிய எடுக்கட்டா?

— எடுங்க.

— உனுக்கு புள்ளயப் புடிக்கலியா?

— பிடிக்கலன்னு இல்லக்கா. அவன் யாருன்னே தெரியல.

— பத்து நாளா ஒரே வூட்லதான கீறான்?

— திடீர்னு குழந்தையோட ஹார்ட்பீட் குறையுதுன்னாங்க. முதுகுல ஊசி போட நேரமில்லன்னு முழு மயக்கம் குடுத்துட்டாங்க. அவன் அழுதது எனக்குத் தெரியாது. கண்ண முழிச்சா ஸ்டெபின் செல்போனக் காட்டறான். போட்டோ. ‘நம்ம பையன் ஜெனி’ன்னான். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின குழந்தை மாதிரி இருந்துது. எங்க சர்ச் குரூப்ல எனக்கு முன்னாடியே நாப்பது பேர் பாத்து ஹார்ட் போட்டிருந்தாங்க.

— நேர்ல எப்ப பாத்த?

— மூணாம் நாள். மூச்சுத் திணறல்னு தனி வார்டுல வெச்சிருந்தாங்க. அது மாடியில. என்னால நடக்க முடியல.

— வூட்டுக்கு வந்தப்பறம்?

— எந்திரிக்கவே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அவன் அழுவான். நான் ஒருக்களிச்சு, கட்டில் விளிம்பப் பிடிச்சு, கால கீழ போடறதுக்குள்ள யாராவது வந்து அவனத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ‘நீ ரெஸ்ட் எடு, நாங்க பாத்துக்கறோம்.’ நல்ல மனசுலதான் சொல்வாங்க. பாலும் நான் பிழிஞ்சு கிண்ணத்துல குடுத்துடுவேன். அவங்க பாலாடையில ஊட்டிடுவாங்க. ஹால்ல அவன் விக்கல் எடுத்தாக்கூட எனக்குக் கேக்கும். ஆனா நான் ரூம்ல.

— எங்கிட்ட குடுங்கன்னு கேக்க வேண்டியதுதான?

— நேத்து கேட்டேன். என் பக்கத்துல போட்டாங்க. கத்தினான் பாருங்க, மொகமெல்லாம் செவந்துடுச்சு. கிறிஸ்டினா அண்ணி தூக்கினதும் சட்டுனு நிறுத்திட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. ‘அத்தையத்தான் அம்மான்னு நெனச்சுட்டான்’னு.

— அடப்பாவமே. நீ இன்னா சொன்ன?

— நானும் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன். நான் இல்லன்னா அந்த வீட்ல என்ன குறையும்னு. பால் மட்டும்தான். அதுக்குப் பவுடர் இருக்கு. அப்பாகிட்ட போனா ரெண்டு நாள் சும்மா படுத்துக்கலாம். வர்றவங்க ‘குழந்தை எங்க, குழந்தை எங்க’ன்னு என்னத் தாண்டிப் போக மாட்டாங்க.

— உங்க அம்மா?

— இல்ல. நான் காலேஜ் படிக்கும்போதே போயிட்டாங்க.

— இந்தா, தண்ணி குடி. நான் இன்னும் வாய் வெக்கல, புது பாட்டில்தான்... ஏய், இன்னா உன் கை இப்டி சுடுது?

— வெயில்தான்.

— வெயில்னா வேர்க்கும். நீ நடுங்கறியே. கண்ணாடில பாத்துகினேதான் வரேன், துப்பட்டாவ இஸ்து இஸ்து போத்திக்கற. குளுருதா?

— ரெண்டு மூணு நாளா அப்படித்தான். பால் கட்டினா ஜுரம் வரும்னாங்க.

— யாரு சொன்னாங்க, டாக்டரா?

— யாரோ. பாக்க வந்தவங்க.

— தையல யாரு பாத்தா?

— ஏழாம் நாள் வரச் சொல்லியிருந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து அவனுக்கு மஞ்சக் காமாலை ஏறிடுச்சு. அவனத் தூக்கிட்டு ஓடினாங்க, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில நீல லைட்டுக்கு அடியில வெச்சிருந்தாங்க. நான் வீட்லயே இருந்துட்டேன்.

— அப்ப யாருமே பாக்கல.

— இல்ல.

— நீ பாத்தியா?

— குனிய முடியல. கையால தொட்டா ஈரமா இருக்கு. துணி மடிச்சு வெச்சிருக்கேன்.

— நாத்தம் அடிக்குதா? வெக்கப்படாத, சொல்லு.

— ம். காலைலேர்ந்து.

— அடிப்பாவி! இத்த வாயத் தொறந்து சொல்ல மாட்டியா நீ?

— எப்படிக்கா சொல்றது? அவனுக்குக் காமாலை எறங்கி நேத்துதான் எல்லாரும் கொஞ்சம் தூங்கினாங்க. நான் போய் எனக்கும் ஒண்ணுன்னு நிக்கணுமா? சிசேரியன்னா வலிக்கும், எல்லாருக்கும் வலிக்கும்னுதான சொல்றாங்க. நான்தான் தாங்க மாட்டேங்கறேன்னு நெனச்சேன்.

— தா, கேளு ஜெனி. இப்ப ஸ்டேசனுக்குப் போவல. ஆபரேசன் பண்ண ஆஸ்பத்திரி எங்க கீது?

— கிழக்குத் தாம்பரத்துல. ஆனா ட்ரெயின்...

— ட்ரெயின் நாளைக்கும் வரும். உடம்பு சரியானப்பறமும் உனுக்குப் போவணும்னு தோணுச்சுன்னா, நானே உம் பையத் தூக்கிகினு வந்து சீட்ல உக்கார வெக்கறேன். போவாதன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். இப்ப ஆஸ்பத்திரி.

— ஃபோன் அடிக்குது. ஸ்டெபின்தான்.

— எடு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, ஜெனி! எங்க இருக்க? பாத்ரூம்ல இருக்கன்னு நெனச்சு கதவத் தட்டிட்டு நிக்கறேன்!

— ஆட்டோவுல இருக்கேன் ஸ்டெபின்.

— ஆட்டோவுலயா? எங்க போற? சரி, சரி, டென்ஷன் ஆகாத. குழந்தை எந்திரிச்சுட்டான், நான் பாத்துக்கறேன். அவனப் பத்தி நீ கவலையே படாத...

— எனக்கு ஜுரம். தையல் விட்டிருச்சுன்னு நெனைக்கறேன்.

— என்னது? எப்போலேர்ந்து?

— மூணு நாளா.

— மூணு நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?

— நீ கேக்கல.

— அவன் எத்தன தடவ யூரின் போனான், எந்த கலர்ல மோஷன் போனான், எல்லாம் நோட்ல எழுதி வெச்சிருக்கேன் ஜெனி. உன் நெத்தியில ஒரு தடவ கை வெச்சுப் பாக்கல. நான் வர்றேன். இப்பவே வர்றேன்.

— சார், நான் ஆட்டோ டிரைவர் பேசறேன். கேம்ப் ரோடு தாண்டிட்டோம், பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி. நீங்க புள்ளய எடுத்துகினு வாங்க.

— ரொம்ப தேங்க்ஸ்க்கா. குழந்தைய எங்க அக்காகிட்ட விட்டுட்டு நான் மட்டும் சீக்கிரம்...

— சார். எடுத்துகினு வாங்கன்னேன்.

*

— யாரு, சரசு அக்காவா? வாங்க, வாங்க! ஜெனி, இங்க பாரு யாரு வந்திருக்காங்கன்னு.

— ஒரு வாரமா இந்தப் பக்கம் சவாரியே வரல சார். இன்னிக்கு ஒரு பாட்டிம்மாவ எக்ஸ்ரேக்கு இஸ்துகினு வந்தேன். அப்டியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. இன்னா ஜெனி, மூஞ்சியில ரத்தம் ஓடுது?

— உக்காருங்கக்கா. ஜுரம் விட்டு நாலு நாளாச்சு. உள்ள சீழ் கட்டியிருந்துதாம். தொறந்து சுத்தம் பண்ணி, நேத்துதான் மறுபடி தையல் போட்டாங்க.

— இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்னு டாக்டர் சொன்னார்க்கா. அன்னிக்கு நீங்க மட்டும்...

— வுடு சார். அத்த இப்ப பேசி இன்னா ஆவப்போவுது. இதான் உன் ஆளா ஜெனி? இன்னா பேரு வெச்சீங்க?

— ஜோஸ்வின். உங்களத்தான் பாக்கறான் பாருங்க.

— எங்க பாக்கறான், ஃபேனப் பாக்கறான். இவனும் இங்கயேதான் கீறானா?

— ஆமாக்கா, எங்கூடவேதான். ரோஸின்னு ஒரு நர்ஸ்தான் காரணம். என்ன விடச் சின்னப் பொண்ணு, இன்னும் கல்யாணம்கூட ஆகல. உள்ள வந்ததும், அவனப் பத்திக் கேக்காம ‘உங்களுக்கு வலி எவ்ளோ இருக்கு’ன்னு கேட்டா. மாத்திரைய நேரத்துக்குக் குடுத்து, வலி அடங்கினப்புறம் அவன எடுத்து என் கை இடுக்குல வெச்சா. என் வயித்துல பாரம் படாம, அவன் கால் ரெண்டும் என் முதுகுப் பக்கம் போற மாதிரி. இவ்ளோதான்க்கா விஷயம். இத பத்து நாளா யாரும் எனக்குச் சொல்லல.

— குடிச்சானா?

— மொதநாள் கத்தினான். ரெண்டாம் நாளும் கத்தினான். மூணாம் நாள் அவனுக்கே அலுத்துப் போயிருக்கும், குடிச்சான்.

— இப்ப புடிக்குதா அவன?

— சினிமால காட்டற மாதிரி ஒண்ணும் ஆகலக்கா. பொய் சொல்ல மாட்டேன். நேத்து என்னப் பாத்து ஒரு கொட்டாவி விட்டான். எனக்கும் வந்துது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயத் தொறந்துட்டு இருந்தோம். அப்ப, இவன் நம்ம ஆளுதான் போலன்னு தோணுச்சு.

— அது போதும். மீதி தானா வரும். சரி, திருச்சி ட்ரெயினுக்கு வண்டி கொண்டாரட்டா? வாக்கு குடுத்திருக்கேன்.

— நாளைக்கு அப்பாவே இங்க வர்றார். வண்டிய ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க. அவரக் கூட்டிட்டு வரணும்.

— ஜெனி, அவன் சிணுங்கறான். பசிக்குது போல. நீ எந்திரிக்காத, தையல் இழுக்கும். நான் தூக்கிட்டு அப்படியே வராண்டாவுல நடக்கறேன், நீ அக்காவோட பேசிட்டு இரு.

— அவன் அங்கயே இருக்கட்டும் ஸ்டெபின். என்னத் தூக்கி உக்கார வை.