கல் வீட்டுக்கு ஓர் ஆள்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களைச் செருப்பைக் கழற்ற வைப்பதுதான் பெரும்பாடு, ஐயா. கல் வீட்டுக்குள் செருப்போடு ஏறாதீர்கள் என்று வாசலில் எழுதிக்கூட வைத்தேன். யாரும் மதிக்கவில்லை.

அந்த வீட்டை எழுப்பியவன் நான். தைவான் மலைப் பழங்குடிகளான பைவான் மக்களின் மலைச்சரிவை என் பாட்டனார் காலத்தில் எங்கள் சீனக் குடும்பங்கள் சாராயம் ஊற்றிக் கொடுத்தே வளைத்துப் போட்டன. அதற்கு ஊரில் ஒருவரும் வெட்கப்பட்டதில்லை, நான் வெட்கப்பட்டேன். மலையிலிருந்து பலகைக்கல் இறக்கி, அவர்கள் கையாலேயே அடுக்கச் சொல்லி, நடுவே செலெப் வீட்டு முன்னோர் தூணை நிறுத்தினேன். இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

செலெப் அந்தத் தூணுக்குரிய குடும்பத்தின் தலைமகள். ஐம்பது வயது, பாக்குச் சிவப்பேறிய வாய், வாய் திறந்தால் கேலி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம் வந்து தரையைக் காலால் தட்டினாள்.

"ஏன் டைரக்டரே, இதுக்குக் கீழ யாரு இருக்கா?"

"மண்ணுதான் இருக்கு, அக்கா."

"அப்போ இது வீடில்ல, கோழிக்கூண்டு. எங்க வீட்டுல செத்தவங்க தரைக்குக் கீழதான் இருப்பாங்க. ஆளில்லாத எடத்துல எங்க தூணுக்கு என்ன வேலை? நாளைக்கு என் தம்பி வண்டியோட வருவான், ஏத்தி அனுப்பிடு."

தூண் போனால் விழாவே இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தினைக் கள் வாங்கி வந்து கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூணடியில் கண்ணயர்ந்தாள். அவளுடைய சால்வையையே மடித்து முகத்தில் வைத்து அழுத்தினேன். பிறகு தரைக்கல்லைப் பெயர்த்து, அவர்கள் முறைப்படியே முழங்காலைக் கட்டி உட்கார்ந்த வாக்கில் புதைத்தேன். இந்தத் தீவை ஆண்ட காலத்தில் ஜப்பான்காரன் தடுத்துவைத்த வழக்கத்தை அவர்களுக்கு மீட்டுக் கொடுத்தவன் நான்.

மறுநாள் தைப்பேயிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மலைக்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் கைகோத்து அந்தத் தரைமேல் ஆடினார்கள். பார்த்து அழுதுவிட்டேன். அக்காவைத் தேடி வந்த தம்பிதான் கெடுத்தான். கல் பதித்தவன் அவனே. ஒரு கல் ஆடுவது அவன் காலுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது மலைக்காரர்களில் ஒருவரும் உள்ளே வருவதில்லை. துர்மரணம் நடந்த வீட்டைக் கைவிட்டுவிட வேண்டுமாம். தூணைக்கூடத் தொட மறுக்கிறார்கள். எனக்கா வழக்கம் சொல்லித் தருகிறார்கள்? முப்பது வருடம் அவர்களோடு உண்டு உறங்கியவன் நான். பாறையிலிருந்து விழுந்தால் துர்மரணம், வெட்டுப்பட்டால் துர்மரணம். இவள் தன் வீட்டுத் தூணடியில், தூக்கத்தில், வேண்டியவன் ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது போனாள். நல்ல சாவு என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.