என்ன கேக்குது?

— அந்தத் தடிச்ச புத்தகத்தை வெளியில வை, நளீர். பெட்டியில பாதி இடத்தை அதுவே பிடிச்சிட்டுது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாட்டுக்குத்தானே போறாய், பள்ளிக்கூடம் நடத்தவோ போறாய்?

— அது ஈக்கட்டும், லிங்கம். அதுலதான் நெஞ்சுச் சத்தமெல்லாம் வெளக்கமா எழுதி ஈக்கி.

— அதை மாத்து மச்சான். சின்னதா ஒண்டு நான் கொண்டந்திருக்கிறன்.

— பாத்துட்டேன். முழுக்கப் பாத்துட்டுத்தான் உள்ளுக்கு வெச்சேன்.

— பாக்கச் சொல்லேல்லை, மாத்தச் சொன்னனான். போன தரம் பெரிய டொக்டர் உன்னை வாட்டை விட்டு வெளியில அனுப்பினவர். இந்தத் தரமும் அனுப்பினாரெண்டா கொலிஜ்ஜில உன்ர பேரை வெட்டிப்போடுவினம். அது தெரிஞ்சுதான், கண்டியில மாமா வீட்டில லீவுக்கு நிண்டவன் பஸ் பிடிச்சு இந்த அலவத்துகொடைக்கு வந்திருக்கிறன்.

— எனக்குத் தெரியாதா? காய்ச்சல்ல ஒரு வீடு மிச்சமில்லாம மையித்து எடுத்து அடக்கின ஊரு இது. பள்ளிவாசல்ல எவர்ட வாயப் பாத்தாலும் ஒரே பேச்சுத்தான். நளீர் எப்ப டொக்டராகி வார?

— அப்ப சரியாத் தெரிஞ்செடுப்பம். பொறு, இந்த அலுமாரிக்குள்ளயும் கொஞ்சம் கிடக்கு. இது சத்திரசிகிச்சை, இப்ப தேவையில்லை. பிள்ளைப்பேற்றுப் புத்தகத்தை அடுத்த வாட்டுக்கு விடுவமோ? என்ன சொல்லுறாய்? விடுவமோ? டேய் நளீர், உன்னோடதான் கதைக்கிறன். இஞ்ச திரும்பு.

— என்ன?

— அலுமாரியோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு எனக்கு.

— யோசிச்சிக்கொண்டு ஈந்தேன்.

— நானா. கொத்தமல்லி அவிச்சுக் கொணந்தீக்கேன். திரைக்குக் கிட்ட வந்து எடுங்க.

— நானா, ஒங்களத்தான் கூப்பிடுறேன். ஒங்கட கூட்டாளிக்கும் ஒரு கோப்ப ஈக்கிண்டு செல்லுங்க.

— உன்ர அண்ணன் புத்தகத்துக்குள்ள தலையை விட்டிட்டான், அனீஸா தங்கச்சி. நானே எடுக்கிறன்.

— நான் அன்னிய ஆம்புளயோட பேசல்ல. இந்தச் செவருக்குத்தான் செல்றேன். காய்ச்சலால எழும்பினதுல ஈந்து நானா இப்படித்தான். கூப்பிட்டாத் திரும்புறல்ல. டொக்டருக்குப் படிச்சா இவ்வளவு பெருமை வருமாண்டு உம்மா அடுப்படியில அழுதுகொண்டு ஈக்கா. செவரு அவருக்கிட்ட கேட்டுச் செல்லட்டும்.

— சுவர் கேக்கும், தங்கச்சி. இந்தா நளீர், மல்லித் தண்ணி. சூட்டோட குடி.

— பல்லியா? எதுக்குள்ள?

— பல்லித் தண்ணியோ? அனீஸாவுக்குக் கேட்டிருந்தா கோப்பையை உன்ர தலையில கவிழ்த்திருப்பா. மல்லியடா, மல்லி.

— ஆ. மல்லி.

— காய்ச்சலோட உன்ர மூளையும் கழண்டு போச்சு. மலேரியாக் காம்பில ஊராக்களுக்கு மருந்து குடுக்கப் போய் நீயே படுத்தாய். உயிர் தப்பட்டுமெண்டு அளவில்லாமக் கொயினா மருந்து ஏத்தினவை. காதுக்குள்ள வண்டு இரையுதெண்டு எழுதினனி. அது நிண்டிட்டுதோ?

— நிண்டுட்டு. இப்ப ஒரு சத்தமும் இல்ல.

— அப்ப நல்லது. என்ர வாயில என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?

— ஒண்ணுமில்ல. லிங்கம், இதச் செல்லு. இருதயத்துல ஒரு வாசல் சரியா மூடாம ரத்தம் ஒழுகினா, இந்தப் புத்தகத்துல ஊதுற மாதிரிச் சத்தம்ண்டு ஈக்கி. மத்ததுல வாள் அறுக்கிற மாதிரிண்டு ஈக்கி. எத எடுத்துக்கொண்டு போற?

— ரெண்டும் சரி, ரெண்டும் பிழை. கேட்டால்தானே தெரியும். சத்தத்தை ஆரும் வாசிப்பினமோ, விசரா?

— இன்னொண்ணுல, உள்ளங்கைய நெஞ்சுல வெச்சாலே தெரியும்ண்டு ஈக்கி. பூனைட முதுகத் தடவினா உள்ளுக்கு ஒரு நடுக்கம் வருமே, அப்படி. அதுதான் எனக்கு நல்லம்.

— அது எல்லா நோயாளியிலயும் வராது. வாற ஆக்களைப் பெரிய டொக்டர் உனக்குத் தரவும் மாட்டார். அந்தாள் எந்தப் புத்தகத்தில இருந்தும் கேக்கிறேல்லை, நளீர். குழாயை நெஞ்சில வைக்கச் சொல்லிப்போட்டு எங்கட முதுகுக்குப் பின்னால போய் நிப்பார். அங்கை நிண்டு ஒரே கேள்விதான். என்ன கேக்குது?

— பின்னாலயா?

— ஓம். முன்னுக்கு நிண்டா அவற்ற முகத்தைப் பாத்து மறுமொழியைப் பிடிச்சிடுவமாம்.

— எப்பவும் பின்னாலதானா?

— எப்பவும். நீ போன தரம் நிண்டனிதானே, தெரியாதோ?

— அவர் எங்க ஈக்கார்ண்டு அண்டைக்கு நான் பாக்கல்ல.

— நான் அப்ப பிள்ளைப்பேற்று வாட்டில. பெடியள் வந்து சொன்னவங்கள். ஒரு கிழவன்ர நெஞ்சில குழாயை வைக்கச் சொல்லி உன்னைக் கேட்டவராம். அந்தச் சத்தம் கட்டிலுக்குக் கிட்ட நிண்டவைக்கே கேட்டதாம். நீ வாய் திறக்கேல்லையாம். திரும்பத் திரும்பக் கேட்டும் மரம் மாதிரி நிண்டியாம். பிறகு அவர் உன்ர தோளில தட்டி வாசலைக் காட்டினவராம். நளீர் ஒண்டும் படிக்கேல்லை எண்டுதான் எல்லாரும் கதைக்கிறாங்கள்.

— படிக்கல்லண்டா செல்ற?

— ஓம்.

— அது நல்லம். படிக்காதவனுக்குப் புத்தகமாவது ஈக்கி.

— இப்பிடி முகத்தை வைச்சுக்கொண்டிராத. ஒரு வழி சொல்லுறன். இந்தத் தரம் நானும் அதே வாட்தான். உனக்குப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்கிறன். அவர் கேக்க, நான் மறுமொழியை உன்ர காதுக்குள்ள மெல்லமாச் சொல்லுறன்.

— காதுக்குள்ளயா?

— ஓம், ஒருத்தருக்கும் கேக்காம.

— வாணாம், லிங்கம்.

— ஏன்? கள்ளமெண்டு பாக்கிறியோ? எங்களில ஆர் அதைச் செய்யேல்லை?

— கள்ளம்ண்டு இல்ல. ஒன்ட நல்ல மனசு. அது போதும்.

— பொறு, என்ன செய்யிறாய்? அடுக்கினதையெல்லாம் ஏன் வெளியில எடுக்கிறாய்?

— நீ செல்ற சரிதான். சத்தத்த எவரும் வாசிக்கேலாது.

— அதுக்கு ஒண்டையும் கொண்டு போகாமல் விடுறதோ? அந்தச் சின்னதையெண்டாலும் வை. நளீர், இஞ்ச பார். திங்கட்கிழமை நீ வருவாய்தானே? அட, மழையும் பிடிச்சிட்டுது. சாரல் புத்தகமெல்லாத்திலயும் அடிக்குது. உங்கட தகரத்தில விழுகிற சத்தத்தில மனிசன் கதைக்கவும் ஏலாது. பொறு, இந்த ஜன்னல் பலகையைச் சாத்திப்போட்டு வாறன். பிறகு ஆறுதலா இருந்து கதைப்பம்.

— சாத்தாத, லிங்கம். இருட்டினா நீ செல்றது எனக்குக் கேக்காது.