நகராட்சி ஒப்புதல் பெற்ற எருக்கு

மேடையை அலங்கரிக்கும் ஆணையர் அவர்களே, மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் தோட்டப் பிரிவுத் தோழர்களே, சொந்தபந்தங்களே! நான் ஓட்டிய தண்ணீர் லாரியின் மீது ஆணையாகச் சொல்கிறேன்: இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை.

என் மனைவியின் தங்கை, தோட்டப் பிரிவு மேற்பார்வையாளர், நம் 'வேரம்மா' மறைந்துவிட்டாராம். யார் சொன்னது? இந்த அலுவலகத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே என்ன இருந்தது? சிமெண்ட் கட்டி, கால் உடைந்த நாற்காலி, கழிப்பறைக் கோப்பை ஒன்று! அங்கே நம் மண்ணின் செடிகளை நட வேரம்மா பட்டியல் நீட்டினார். முதல் பெயர் எருக்கு. ஆணையர் ஆறடி எகிறினார்.

"எருக்கா? 'உன் வீட்டுல எருக்கு முளைக்க'ன்னு சாபம் விடுவாங்கம்மா! பேசாம புல்தரை போடு."

"புல்லுக்கு எங்க அத்தான் தினம் மூணு லாரி தண்ணி ஊத்தணும் சார். இதுக்கு வானம் ஊத்தினாப் போதும். ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி எருக்கு இலையிலதான் முட்டை வைக்கும். வெட்டின புல்லுல என்னத்த வைக்கும்?"

"முடியாதுன்னா முடியாது."

மறுநாள் புதுப் பட்டியல். முதல் பெயர்: கலோட்ரோபிஸ் ஜைகான்டியா! அதே எருக்குதான், தாவரவியல் கோட்டு போட்டுக்கொண்டு!

"அடடே! எந்த ஊர்ச் செடிம்மா இது?"

"நம்ம வெயிலுக்கு நல்லாப் பழகினது சார்."

கையெழுத்து விழுந்தது. இதில் பொய் ஏது? முழுப்பெயரைச் சொன்னார், அவ்வளவுதானே!

பட்டாம்பூச்சிகள் வந்தன. எத்தனை? நண்பகலில் ஊர் இருண்டு, பேருந்துகள் விளக்குப் போட்டு ஓடின! புல் வெட்டும் இயந்திரத்தைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்தன! தேன்சிட்டுகளுக்கு டோக்கன் கொடுத்தோம்!

வேரம்மா கண்மூடிய மூன்றாம் நாள், 'காடுபோல் கிடக்கிறது, பிடுங்கிவிட்டுப் புல்தரை போடுக' என்று ஆணையரின் உத்தரவு. விடுவோமா? அவர் மகள் நாற்றுப் பைகளோடு நிற்கிறாள். அடுத்தது பேருந்து நிலையம், அதற்கடுத்து மருத்துவமனை. பெயர்கள் மட்டும் நீளமாக இருக்கும்!

ஆணையர் அவர்களே, பிடுங்குவதென்றால் உங்கள் ஒப்புதலை நீங்களே ரத்து செய்ய வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? 'எருக்கென்று எனக்குத் தெரியாது' என்றா?

சிரிக்கிறார்! உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போடுகிறார்! வேரம்மா, ஜெயித்துவிட்டாய் தாயே!

பேருந்து விளக்கு பொய். மொட்டைமாடி பொய். டோக்கனும் பொய். இந்தக் கோப்பில் இருக்கிறதே, உங்கள் கையெழுத்து, அது மட்டும் உண்மை, ஐயா.